மூன்று குட்டிகளின் தாய்

ஆறுமுகநயினார் ஒரு கல்லூரி ஆசிரியர். நாற்பத்தெட்டு வயதில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருடைய குரு எஸ்தர் செல்வக்கனிக்கு முப்பத்தாறு வயது. இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைவில்லை.

தேரிக்காட்டுச் செம்மணலில் வளை தோண்டி வாழும் வெள்ளெலிகளில் யாருக்கு யார் உறவு என்று அறிய, அவற்றின் மரபணுவில் பன்னிரண்டு அடையாளங்களைக் கண்டுபிடித்திருந்தார் நயினார். இரண்டு வருட உழைப்பு. ஒவ்வொரு அடையாளத்திலும் குட்டிக்குப் பாதி தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை முகம் வாடி வந்து நின்றார்.

“ஆறு அடையாளம் தப்பா வருது மேடம். தூக்கிப் போட்டிரவா?”

“போட்டா?”

“மிச்சத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். காலேஜ்ல போட்ட லீவு இந்த மாசத்தோட முடியுது.”

“தப்புன்னு எப்படித் தெரியும்?”

“பதினாலாம் வளையில ஏழு குட்டி. அதுல மூணு தாயோட ஒத்துப்போகலை.”

“அவதான் தாய்னு யார் சொன்னா?”

“பால் குடுத்தாளே! கண்ணால பாத்தேன்.”

எஸ்தர் ஃப்ரீசரைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தார். பக்கத்து வளையில் இருந்த பெண் எலியின் காதுத் துணுக்கு. முன்பு துணுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு எலியை விட்டிருந்தார்கள். மறுவாரமே பாம்பு அதை விழுங்கியதை இருவரும் பார்த்திருந்தார்கள்.

“இதையும் சோதிச்சுப் பாருங்க.”

மூன்றாம் நாள் நயினார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அடையாளத்தில தப்பே இல்ல மேடம்! பன்னிரண்டும் பொருந்துது. மூணும் செத்தவ பெத்த குட்டி. இவ தூக்கிட்டு வந்து வளத்திருக்கா!”

“ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?”

“அதையும் பாத்துட்டேன். ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

சொல்லும்போதே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளங்கையில் அடங்குகிற உயிர். தன் குட்டிகள் நாலையும் வளையில் விட்டுவிட்டு, பாம்பு திரிகிற மணலில் மூன்று முறை போய், ஒவ்வொன்றாகக் கவ்வி வந்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நயினார் நோட்டை விரித்தார்.

“தாய்ங்கிற கட்டத்தில யாரை எழுத மேடம்? பெத்தவளையா, இவளையா?”

எஸ்தர் எட்டிப் பார்த்தார்.

“ஒரு கட்டந்தான் போட்டிருக்கீங்க சார். அது எலி குத்தமா?”