ஆறாத எஞ்சின்

இருட்டியபின் கோத்தகிரி பங்களாவின் கேட்டைத் திறந்தபோது உள்ளே கார் ஷெட் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். நெஞ்சில் சளி கட்டிய ஆள் இருமுவதுபோல. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. இன்னாசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கல்யாண பேண்டில் டிரம்பெட் ஊதி ஓய்ந்தபின், கார் ஒர்க்‌ஷாப் நடத்தும் தெபோராளிடம் சிஷ்யராகச் சேர்ந்தவர் அவர். வயதில் அவள் இளையவள். ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். இருந்த ஒரே மனையை விற்றுவிட்டு, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஷெட்டில் சிவப்பாக நின்றது கார். தெபோராள் முதலில் இன்னாசியின் கையைப் பிடித்து பானெட்மேல் வைத்தாள். அப்புறம்தான் காரை விற்கும் பங்களாக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் சாவியைத் திருப்பினார். எடுத்த எடுப்பிலேயே எஞ்சின் பாடியது.

"மாஸ்டர்! தாளம் தப்பலை பாருங்க! முடிச்சிருவோம்!" இன்னாசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"கை வெச்சீங்களே, எப்படி இருந்துச்சு?"

"வெதுவெதுன்னு, பூனைக்குட்டி மாதிரி!"

"யாரு சூடாக்கினது?"

இன்னாசி பங்களாக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடவிட்டேன்," என்று இழுத்தார் பங்களாக்காரர்.

"சூட்டுல எல்லா எஞ்சினும் நல்லாத்தான் பாடும். காலையில ஆறினதும் பார்த்துட்டுச் சொல்றோம் சார்."

பங்களாக்காரர் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

"ஆறினா மட்டும் புதுசா என்ன தெரியப் போவுது, மாஸ்டர்?"

"உங்க வீட்டு அக்காவைப் பெண் பார்க்கப் போனீங்களே, அன்னிக்கு எப்படி இருந்தாங்க?"

"பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகை. குரல் அப்படியே தேன்!"

"அவங்களை எப்போ தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"கல்யாணம் முடிஞ்சு ஒரு நாள் காலையில. காபி குடிக்கறதுக்கு முன்னாடி."

"அவங்களும் உங்களை அப்பத்தான் பார்த்திருப்பாங்க."

இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார். கேட்டருகே கேட்ட இருமல் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. காரைத் தடவிக்கொண்டே கேட்டார்: "படுக்கப்போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுக்கட்டுமா, மாஸ்டர்?"

தெபோராள் அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஜீப்பிலிருந்து கம்பளியை எடுத்து வந்தாள். சாவியோடு ஷெட்டுக்குள் போனாள்.

"நீங்க எதுக்கு மாஸ்டர் குளிர்ல இங்க படுக்கணும்? அந்த மனுஷன் விடியறதுக்குள்ள வந்து சூடாக்கிருவார்னு பயமா?"

"அவரை நினைச்சு இல்லண்ணே," என்றாள் கதவிடுக்கில். "உங்களை நினைச்சுத்தான்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.