ஆயிரத்து ஒன்பதாவது சங்கு

பக்கத்து ஊர்க் கோயிலில் ஆயிரத்தெட்டுச் சங்கு வைத்து அபிஷேகம் செய்தார்கள். எங்கள் தர்மகர்த்தா சிதம்பரதாணுவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கோயிலிலும் ஆயிரத்தெட்டுதான் இருந்தது. தன் பெயர் பொறித்த ஒரு சங்கைக் கூடுதலாக வாங்கிப் போட்டார்.

சங்கு அடுக்குவது ஐயம்பெருமாளின் வேலை.

“வரிசையெல்லாம் சமமா இருக்கணும்லே. ஒண்ணு மிஞ்சினாலும் குறைஞ்சாலும் நாளையிலேருந்து உனக்கு இங்கே வேலை இல்லை,” என்றார் தர்மகர்த்தா.

காலையில் வந்து பார்த்தால், சன்னதியிலிருந்து குளக்கரை வரை ஒரே வரிசை.

“என்னலே இது?”

“ஒண்ணும் மிஞ்சலை, குறையலை ஐயா.”

“கிண்டலா? பல வரிசையா வை.”

“அப்போ ஆயிரத்து ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒண்ணு. மூணாவது வழி கிடையாது. இது பகா எண். நீங்க பிரிச்சுக் காட்டுங்க, நானே வேலையை விட்டுடுதேன்.”

ஊரே பார்த்தது. தர்மகர்த்தா தரையில் உட்கார்ந்தார். ஏழு ஏழாக வைத்தார், ஒன்று மிஞ்சியது. பதிமூன்று பதிமூன்றாக வைத்தார், எட்டு மிஞ்சியது. நேரம் தப்புகிறது என்றார் குருக்கள்.

“என்னதாம்லே செய்ய?”

“ஒரு சங்கை எடுத்துட்டா இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு. எதை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா.”

மற்றதெல்லாம் சாமி சொத்து. பெயர் பொறித்ததை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த ஊரை மிஞ்சணும்னா,” என்றான் ஐயம்பெருமாள், “அடுத்த வருசம் ஒண்ணுக்குப் பதிலா பன்னெண்டா வாங்குங்க. ஆயிரத்து இருபது ஆயிடும். முப்பது வரிசை, வரிசைக்கு முப்பத்திநாலு.”