வெள்ளை நூல் கட்டிய ஜாடி

மருத்துவச் சாலை ஒன்றை மங்கையம்மை நடத்திவந்தாள். அவளுடைய மூத்த சீடன் காளத்தி. தலை நரைத்துவிட்டது. கோபம் மட்டும் நரைக்கவில்லை.

கோபம் செங்கோடன் மேல். இருவரும் ஒரே அம்மியில் மருந்து அரைத்தவர்கள். செங்கோடன் பாதியில் விலகிப்போய்ச் சந்தையில் வலுப்பொடி விற்கத் தொடங்கினான். ஒருநாள் கூட்டத்தின் நடுவே, "காளத்தியா? அவனுக்கு அரைக்கத் தெரியும், ஆற்றத் தெரியாது" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் காளத்தி மறக்கவில்லை. எப்படி மறப்பான்?

ஊரில் பாதிப் பேர் அந்தப் பொடியைத் தின்றார்கள். அதனால் பயன் உண்டா என்று ஆராய்ந்து சொல்லும்படி அரசன், சோதனைச் செலவுக்காகச் சாலைக்கு வண்டி வண்டியாக நெல் அனுப்பினான்.

"எதற்கு இவ்வளவு நெல்? என்னைக் கேட்டால் சும்மாவே சொல்வேனே. அது வெறும் தவிடு" என்றான் காளத்தி.

பிள்ளை பெற்றபின் தேறாமல் கிடந்த பெண்களை அழைத்துவரச் சொன்னாள் மங்கையம்மை. அரசனின் நெல்லில் எல்லோருக்கும் ஒரே சோறு. காளத்தியின் மகள் வடிவும் வந்தாள். தன் குழந்தையைத் தூக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

வெளியூர் அதிகாரி ஒருவர் இரண்டு ஜாடிகளை வைத்துவிட்டுப் போனார். ஒன்றில் செங்கோடனின் பொடி. மற்றதில் அதே நிறத்தில் வறுத்த மாவு. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மற்றதில் வெள்ளை நூல்.

"எதில் எது, அம்மா?"

"தெரியாது."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"என்மேல் நம்பிக்கை இல்லையா?"

"என்மேலேயே இல்லை."

எந்தப் பெண்ணுக்கு எந்த ஜாடி என்று சீட்டுப் போட்டார்கள். வடிவுக்கு வெள்ளை நூல் விழுந்தது. 'இது மாவாக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டே காளத்தி தினமும் தன் கையால் கொடுத்தான்.

மழைக்காலம் முடிந்தபோது வெள்ளை நூல் பெண்கள் எழுந்து நடந்தார்கள். சிவப்பு நூல் பெண்களில் பலர் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். வடிவு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அதைப் பார்த்துக் காளத்தி அழுதான். பிறகு துள்ளினான்.

"பார்த்தீர்களா? அவன் பொடிக்கு வறுத்த மாவே மேல்! நானே சந்தைக்குப் போய்த் தண்டோரா போடுகிறேன்."

அன்று மாலை அதிகாரி வந்தார்.

"வெள்ளை நூல்தான் செங்கோடனின் பொடி" என்றார்.

காளத்தி உட்கார்ந்துவிட்டான். கிணற்றடியில் வடிவு யாரையோ கேலி செய்து சிரிப்பது கேட்டது. வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரிந்திருந்தால் அவள் கையிலிருந்து தட்டிவிட்டிருப்பேன், அம்மா."

"நெல் எதற்கு என்று கேட்டாயே" என்றாள் மங்கையம்மை. "உன் கண்ணைக் கட்டுவதற்கு. சரி, எழுந்திரு. மற்றப் பெண்களுக்கும் அதையே கொடு."

காளத்தி வெள்ளை நூல் ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினான்.

"தீர்ந்துவிட்டது, அம்மா."

"சந்தைக்குப் போகிறேன் என்றாயே. போகும்போது கூடையை எடுத்துக்கொண்டு போ."