பத்துச் சொல்லும் ஒன்பது வாலும்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயர் நமக்கு வேண்டாம். சொன்னால் அந்த வம்சத்தார் சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்டவர் குமாரரங்க பூபதி. நல்ல ராஜாதான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு வருஷம் சேவல் வளர்த்தார். மறுவருஷம் மீசை வளர்த்தார். மூன்றாம் வருஷம் வெள்ளைக்காரர் கப்பல் ஒன்று அவருடைய துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. ராஜாவை இங்கிலீஷ் பிடித்துக்கொண்டது.

பதினைந்து நாள் பாடத்தில் ராஜா தம் பெயரை இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொண்டார். கற்றபின் கை அரித்தது. எதிலாவது கையெழுத்துப் போட்டாக வேண்டும். அரண்மனைச் சுவரில் போட்டார், பூசணிக்காயில் போட்டார், தூங்கிக்கொண்டிருந்த சேனாதிபதியின் முதுகிலும் போட்டார். ஆசை அடங்கவில்லை.

கப்பல் தலைவர் கேப்டன் டாட்வெல் இதைக் கேள்விப்பட்டு, துறைமுகத்தில் கிடங்கு கட்ட ஒரு உடன்படிக்கை எழுதிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டனுப்பினார். ராஜா துள்ளி எழுந்தார்.

"கொண்டு வரச் சொல்லுங்கள்! வருகிற வெள்ளிக்கிழமை, நிறைந்த சபையில், அவர் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையெழுத்திடுவேன். இது ராஜ வாக்கு!"

ராஜாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ரங்கையா. அவர்தான் துபாஷி, அதாவது வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்கும் ராஜாவின் பேச்சை வெள்ளைக்காரருக்கும் சொல்கிறவர். இங்கிலீஷை மூக்கால் பேசுவார். தமிழையும் அப்போதெல்லாம் மூக்கால்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அரண்மனை விகடன் ஏகாம்பரம் ஒருநாள் சபையில் எழுந்து, "மகாராஜா, எனக்கு நேற்று ஜலதோஷம் பிடித்தது. துபாஷியார் தயவில்லாமலே இங்கிலீஷ் வந்துவிட்டது" என்றான்.

சபை குலுங்கியது. ராஜா சிம்மாசனத்தில் உருண்டார். ரங்கையா மட்டும் சிரிக்கவில்லை. தாம் பேசும்போது ஒருநாளும் ராஜா இப்படிச் சிரித்ததில்லையே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

"மகாராஜா," என்று கைகூப்பினார் ரங்கையா. "விகடருக்கு இங்கிலீஷ் அவ்வளவு எளிதாக வருமென்றால், வெள்ளிக்கிழமை கேப்டன் முன்னிலையில் ஐம்பது இங்கிலீஷ் சொற்களைப் பொருளோடு சொல்லட்டும். நானே கற்றுத் தருகிறேன். வேறு யாரிடமும் அவர் ஒரு சொல்கூடக் கற்கலாகாது. குரு ஒருவர்தானே இருக்க வேண்டும்?"

"சொல்லாவிட்டால்?" என்றார் ராஜா.

"நம் மகாராஜாவின் இங்கிலீஷைப் பழித்த தலை, கழுத்தின்மேல் எதற்கு?"

ராஜா அதுவரை சிரித்த வாயை மூட நேரமில்லாமல் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார். அது அவர் வழக்கம்.

மறுநாள் ரங்கையா தம் வீட்டு வாசலில் ஏகாம்பரத்தை நிற்கவைத்தே பாடத்தை முடித்தார்.

"பத்துச் சொல் தருகிறேன், கேட்டுக்கொள். கேர் என்றால் கவனம். யூஸ் என்றால் பயன். ஷேம் என்றால் வெட்கம். ஹெல்ப், உதவி. பவர், வல்லமை. லா, சட்டம். டீச், கற்றுக்கொடு. கைண்ட், அன்பான. கிங், ராஜா. பத்தாவது உனக்கென்றே எடுத்துவைத்தது. ஃபூல், முட்டாள்."

"மீதி நாற்பது?"

"எனக்கு உடம்பு சரியில்லை. வெள்ளிக்கிழமை சபையில் பார்க்கலாம்." கதவு சாத்திக்கொண்டது.

ஏகாம்பரத்துக்கு முதல் முறையாகச் சிரிப்பு வரவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே கடற்கரைப் பக்கம் நடந்தான். கேப்டனின் பங்களா கொல்லைப்புறத்தில், குசினி வாசலில் உட்கார்ந்து சவரிமுத்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கேப்டனுக்குச் சமைத்துப் போடுகிறவர். ஏகாம்பரத்துக்குப் பழைய சிநேகிதர்.

"என்னா ஏகாம்பரம், மூஞ்சி செத்த மீனாட்டம் இருக்கு?"

ஏகாம்பரம் நடந்ததைச் சொன்னான். "ஒரு சொல்லுகூட வேற யாருகிட்டயும் கத்துக்கக் கூடாதாம் அண்ணே. பத்த வெச்சிக்கிட்டு அம்பதுக்கு எங்க போவேன்?"

சவரிமுத்து மீனின் வாலைப் பிடித்துத் தூக்கினார். "எனக்கு மட்டும் என்னா இங்கிலீசு தெரியும்? எல்லாம் தொரைகிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டதுதான். கஞ்சிய எறக்கும்போது 'கேர்ஃபுல் சவரி!'ம்பாரு. கவனமா இருன்னு அர்த்தம். கீழ கொட்டிட்டா 'கேர்லெஸ்!'ம்பாரு. கவனங்கெட்டவனேன்னு அர்த்தம். சொல்லு ஒண்ணுதான். வாலுதான் வேற."

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வாலா?"

"ஆமா. நாம பாலுன்னா குடிக்கறது, பால்காரன்னா ஆளுங்கறோம்ல? கூடவே ஒரு வாலு ஒட்டுது. அவங்ககிட்டயும் அதான். ஃபுல்லுன்னு வால் வெச்சா நெறஞ்சது. லெஸ்ஸுன்னு வெச்சா அறவே இல்லாதது. எர்ருன்னு வெச்சா அந்த வேலையச் செய்யற ஆளு. ஆனா என்னை குக்குன்னுதான் கூப்பிடணும், குக்கர்னு சொன்னா தொரை சிரிக்கறாரு. ஏன்னு எனக்கே வெளங்கல. லின்னு வெச்சா 'கவனமாக', 'அன்பாக'ங்கற மாதிரி வரும். னெஸ்ஸுன்னா கொணத்துக்கே பேராயிடும்."

"அண்ணே! துபாஷி சொல்லுதான் கத்துக்கக் கூடாதுன்னாரு. வால் கத்துக்கக் கூடாதுன்னு சொல்லலியே!"

அன்று சாயங்காலத்துக்குள் சவரிமுத்து தாம் வாங்கிய திட்டுகளையெல்லாம் ஞாபகப்படுத்தி ஒன்பது வால்களைப் பிரித்துக் கொடுத்தார். முக்கியமான இரண்டை அடுப்புக்கரியால் சுவரிலும் எழுதிக் காட்டினார். "இது ஃபுல்லு, மொதல்ல கொக்கி இருக்கும். இது லெஸ்ஸு, கடைசியில ரெண்டு பாம்பு பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கும்."

வெள்ளிக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. கேப்டன் டாட்வெல் கையில் உடன்படிக்கையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஓரளவு தமிழ் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. வாளோடு ஒருவன் தூணோரம் நின்றான். ரங்கையா அவனுக்குத் தாம்பூலம் கொடுத்துக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏகாம்பரம், தொடங்கலாம்" என்றார் ராஜா. குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"உத்தரவு மகாராஜா. யூஸ் என்றால் பயன். யூஸ்ஃபுல் என்றால் பயனுள்ள. நம் அரண்மனைத் தோட்டி யூஸ்ஃபுல். யூஸ்லெஸ் என்றால் பயனற்ற." இங்கே ஒரு கணம் நிறுத்தி, ரங்கையாவைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். "உதாரணம் தேவைப்படாது. யூஸர் என்றால் பயன்படுத்துகிறவர். யூஸபிள் என்றால் பயன்படுத்தத் தக்கது. யூஸ்லெஸ்னெஸ் என்றால் பயனற்ற தன்மை. அது நெடுநாள் பழகினால் வருவது. ஹெல்ப்பர் உதவுகிறவர், ஹெல்ப்லெஸ் நாதியற்றவர். டீச்சர் கற்றுக்கொடுப்பவர், வாசற்கதவைச் சாத்திக்கொள்ளாமல் இருந்தால். ஷேம்லெஸ் வெட்கங்கெட்ட. ஷேம்லெஸ்லி வெட்கமில்லாமல், இந்தச் சபையில் சிலர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபூல் முட்டாள். ஃபூலிஷ் முட்டாள்தனமான. ஃபூலிஷ்னெஸ் முட்டாள்தனம். கிங் ராஜா. கிங்லி ராஜாவுக்குரிய. கிங்டம் ராஜ்யம். கிங்ஷிப்..."

"ஷிப் என்றால் கப்பல் அல்லவா? எனக்கு ஒரு கப்பலா?" என்று ராஜா ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

"இல்லை மகாராஜா, இங்கே அது வால். ராஜ பதவி என்று பொருள். கிங்லெஸ் என்றால் ராஜா இல்லாத."

"நல்ல சொல்" என்றார் மந்திரி தம்மை அறியாமல். பிறகு இருமினார்.

ஏகாம்பரம் மீதிச் சொற்களுக்கும் இப்படியே வால் ஒட்டி அடுக்கிக்கொண்டே போனான். முத்துப் பரல்களை நகர்த்தி எண்ணிக்கொண்டிருந்த புரோகிதர் ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று கைதூக்கினார். ரங்கையா பாய்ந்து முன்னே வந்தார்.

"மோசடி! நான் கொடுத்தது பத்து. மற்றவற்றை வேறு யாரிடமோ கற்றிருக்கிறார்!"

"நான் கற்றது உம்முடைய பத்துச் சொல் மட்டுமே. பிறகு சில வால்களைப் பொறுக்கினேன். கேப்டன் துரையே சொல்லட்டும். இந்த ஃபுல்லும் லெஸ்ஸும் னெஸ்ஸும் தனியே நின்றால் சொல்லாகுமா?"

ரங்கையா தொங்கிய முகத்தோடு நின்றதைப் பார்க்கக் கேப்டனுக்கே வேடிக்கையாக இருந்தது. தமிழ் தெரியாத வேஷத்தை மறந்து, "நோ, நோ! அது சொல் இல்லே. வெறும் வால்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வாள்காரன் உறையில் வாளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஏகாம்பரம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு தூணில் சாய்ந்துகொண்டான்.

"போகட்டும், போகட்டும்! இனி என் கையெழுத்து" என்று ராஜா இறகுப் பேனாவைக் கையில் எடுத்தார்.

கேப்டன் எழுந்து உடன்படிக்கையை இங்கிலீஷில் கணீரென்று வாசித்தார். ரங்கையா தமிழில் சொன்னார்: "இந்தத் துறைமுகத்தில் ராஜாவே வல்லமை உடையவர். கேப்டன் சட்டத்துக்கு அடங்கி நடப்பார்."

ராஜா மகிழ்ந்து போனார். ஆனால் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது வேறு. ராஜாவின் பெயரை அடுத்துப் 'பவர்லெஸ்' என்று வந்தது. கேப்டன் பெயரை அடுத்து 'லாஃபுல்' என்று வந்தது. துபாஷி தலைகளை மட்டும் சபைக்குச் சொல்லிவிட்டு வால்களை விழுங்கியிருந்தார். பவர்லெஸ் என்றால் வல்லமை இல்லாதவர். லாஃபுல் என்றால் சட்டப்படி உரிமையுள்ளவர். துறைமுகமே கைமாறுகிறது!

"மகாராஜா, பேனாவைக் கீழே வையுங்கள்!" என்று கத்தினான். கேட்டதைக் கேட்டபடி உடைத்துச் சொன்னான்.

ரங்கையா தரையைப் பார்த்தார். அவருக்குக் கேப்டன் இறகு வைத்த தொப்பி ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தார், அதற்காகத்தான் இத்தனையும்.

கேப்டன் அசரவில்லை. "ராஜ வாக்கு. ஒரு சொல்லும் மாற்றக் கூடாது."

ராஜாவின் முகம் வெளுத்தது. மீனவர் குப்பங்கள், உப்பளங்கள், படகுத்துறை எல்லாம் அந்தத் துறைமுகத்தை நம்பித்தான் இருந்தன. "என் வாயே எனக்கு எமனாகிவிட்டதே ஏகாம்பரம். கொடுத்த வாக்கை எப்படி மீறுவேன்?"

"மீற வேண்டாம் மகாராஜா. துரையவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நாம் தொட வேண்டாம்."

ஏகாம்பரம் உடன்படிக்கையை வாங்கினான். கொக்கியில் தொடங்கும் வாலைத் தேடினான். இரட்டைப் பாம்பில் முடியும் வாலைத் தேடினான். இறகு சீவும் கத்தியால் இரண்டையும் நறுக்கென்று வெட்டி எடுத்தான். புரோகிதர் கொண்டுவந்திருந்த நைவேத்தியத் தட்டிலிருந்து இரண்டு பருக்கைச் சோற்றைப் பிசைந்து, இந்த வாலை அங்கேயும் அந்த வாலை இங்கேயும் ஒட்டினான். வாயால் ஊதி உலர்த்திக் கேப்டனிடம் நீட்டினான்.

"துரை உரக்க வாசிக்க வேண்டும்."

கேப்டன் வாசித்தார். ராஜா பவர்ஃபுல், வல்லமை மிக்கவர். கேப்டன் லாலெஸ், சட்டம் ஒழுங்கு இல்லாதவர். பாதியில் அவர் குரல் தேய்ந்தது. முகம் வேகவைத்த நண்டாகச் சிவந்தது.

"இது மோசம்! மாற்றிவிட்டாய்!"

"எதை மாற்றினேன் துரை? பவர் இருந்த இடத்தில் இருக்கிறது. லா இருந்த இடத்தில் இருக்கிறது. வால் சொல் இல்லை என்று சற்றுமுன் தாங்களே தீர்ப்புச் சொன்னீர்களே!"

ராஜாவுக்கு விஷயம் முழுதாகப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கொண்டாருங்கள்! இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுகிறேன்!"

கேப்டன் காகிதத்தை நாலாகக் கிழித்து எறிந்துவிட்டு வெளியேறினார். ரங்கையாவும் அவர் பின்னாலேயே ஓடினார். அரண்மனையில் இருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்துக்குப் போட்டார். "உன் தலையை வாங்கப் பார்த்தேன். நீ என் தலையைக் காப்பாற்றினாய். இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"துபாஷி பதவி காலியாக இருக்கிறது மகாராஜா. கேப்டன் வீட்டுச் சமையல்காரர் சவரிமுத்துவுக்கு அதைக் கொடுக்க வேண்டும். எனக்கு வால்களைக் காட்டியவர் அவர்தான். துரைமார் சொல்வதில் ஒரு வாலைக்கூட விழுங்காமல் சொல்வார்."

"கொடுத்தேன்!" என்றார் ராஜா. அன்று மத்தியானமே பல்லக்கு பங்களாக் கொல்லைக்குப் போய், மீன் வாசனையோடு புதிய துபாஷியை ஏற்றிக்கொண்டு வந்தது.

சமையலுக்கு ஆள் இல்லாமல் போன கேப்டன், ரங்கையாவை அடுப்படிக்கு அனுப்பினார். ரங்கையா ஆக்கிய சோற்றை நாலு நாள் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் கப்பல் பாய் விரித்துக் கிளம்பிவிட்டது என்ற செய்தி வந்தபோது ராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்ட ராணியே எழுந்து வர வேண்டியதாயிற்று.