சிலந்தி இளவரசனுக்கு ஒரு வீடு

முன்னொரு காலத்தில், நம் தாத்தாவின் தாத்தாவுக்கே மீசை முளைக்காத காலத்தில், ஓங்கல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு. ஆள் எவ்வளவு பெரியவரோ, வீடு அவ்வளவு உயரம். காவல்காரனுக்கு ஒரு மாடி, மந்திரிக்கு மூன்று மாடி, ராஜாவுக்கு ஏழு மாடி. விருந்தாளியை மதிக்கிறோம் என்றால் உச்சி மாடியில் படுக்க வைப்பார்கள். விருந்தாளிக்கு முழங்கால் வலி இருந்தால் அது அவர் பாடு!

அந்த நாட்டு ராஜா உத்துங்கனுக்கு மாதங்கி என்று ஒரு மகள், நந்தன் என்று ஒரு குட்டி மகன். தாயில்லாத பிள்ளையை அக்காதான் தூக்கி வளர்த்தாள். இடி இடித்தால் போதும், நந்தன் ஏழாம் மாடியிலிருந்து ஓடி வந்து அக்காவின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். “ராஜகுமாரன் தரையில் படுக்கலாமா?” என்று ராஜா அவனைத் தூக்கிப் போய் மறுபடியும் உச்சியில் விடுவார். மகன் மேல் அவருக்கு உயிர். அதனால்தான் உச்சியில் விட்டார். அன்பு நிறைய இருந்தது, காது கொடுத்துக் கேட்கிற பழக்கம்தான் இல்லை.

ஒருநாள் மாயி என்ற மந்திரக்காரி அரண்மனைக்கு விருந்துக்கு வந்தாள். மலையடிவாரத்தில் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பவள் அவள்.

“ராஜா, எனக்கு உயரம் ஆகாது, தலை சுத்தும். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலை போதும்” என்றாள்.

“நல்லா இருக்கே! மாயியை மூலையில் படுக்க வெச்சான் என்று ஊர் என்னைக் காறித் துப்பாதா? ஏழாம் மாடிதான் உங்களுக்கு!”

அவளும் ஒருமுறை சொன்னாள், இருமுறை சொன்னாள், மூன்றாம் முறை கெஞ்சினாள். ராஜா கேட்கவில்லை. மறுநாள் காலையில் மாயி படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து இறங்கி வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“என்ன வேணும்னு நான் சொன்னேன். உனக்குப் பிடிச்சதை நீ கொடுத்தாய். இனி உன் மகன் மண்சிலந்தி! அவனுக்குப் பொருத்தமான வீட்டை நீயே தேடிக் கொடு. அங்கே அவன் நிம்மதியாகத் தோல் உரித்தால் உன் மகன் திரும்புவான். நிம்மதி இல்லை என்றால், அந்தத் தோலுக்குள்ளேயே அவன் உயிர் போகும்!”

தப்பு அப்பனுடையது, சாபம் பிள்ளைக்கு. மந்திரக்காரிகளின் நியாயம் அப்படித்தான், நான் என்ன செய்ய?

நந்தன் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி நின்றது. உடம்பெல்லாம் பழுப்பு ரோமம். அரண்மனையே அலறிக்கொண்டு ஓடியது. மாதங்கி மட்டும் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அது மெல்ல அவள் கையில் ஏறியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, தம்பி, உனக்கு எந்த மாதிரி வீடு வேணும்?”

எட்டுக் காலும் இருந்தது, எட்டுக் கண்ணும் இருந்தது, பதில் சொல்லத்தான் வாய் இல்லை.

ராஜா பொற்கொல்லர்களைக் கூப்பிட்டார். ஏழடுக்குத் தங்கக் கூண்டு, சுற்றிலும் கம்பி வலை, உச்சியில் ஊஞ்சல். “என் மகனுக்கு இதைவிட உயரமான வீடு உண்டா?” என்று மார்தட்டினார். பாவம், சிலந்தி மண்ணைத் தேடி அலைந்தது. கீழே மண் இல்லை, ஆகவே மேலே ஏறியது. உச்சி வலையில் அதன் கால் நகம் மாட்டிக்கொண்டது. இழுத்தது, உதறியது, தொப்பென்று தங்கத் தரையில் விழுந்தது. ஒரு கால் மேலேயே நின்றுவிட்டது.

“தம்பி, தம்பி, இந்த வீடு வேண்டாமா?”

ஏழு காலும் இருந்தது, எட்டுக் கண்ணும் இருந்தது, பதில் சொல்லத்தான் வாய் இல்லை.

“உயரம்தானே ஆபத்து? அகலமாகக் கட்டுவோம்!” என்றார் மந்திரி. ஒரு மண்டபம் முழுக்கக் கண்ணாடி வீடு எழுந்தது. உள்ளே பட்டு மெத்தை, நாலு பக்கமும் விளக்கு. ஊரே திரண்டு வந்து, “எங்கே ராஜகுமாரன்?” என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தது. சிலந்தி காலையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒட்டிக்கிடந்தது. உள்ளே விட்ட வெட்டுக்கிளி அத்தனை பெரிய மண்டபத்தில் எங்கே போயிற்றோ, சிலந்தி தேடவும் இல்லை, தின்னவும் இல்லை. நாளுக்கு நாள் வயிறு சுருங்கியது. ரோமம் மங்கியது. தோல் உரிக்கும் காலம் நெருங்குகிறது என்று அரண்மனை வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தம்பி, தம்பி...” என்று கேட்க வாயெடுத்த மாதங்கி பாதியில் நிறுத்தினாள். மூலையில் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கோலத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். இடி இடிக்கிற நாளில், அவள் கட்டிலுக்கு அடியில்!

‘அட பாவி, நீ அப்பவே சொல்லிட்டியேடா!’ என்று மனசுக்குள் தம்பியைக் கொஞ்சிக்கொண்டாள்.

அவளே சமையற்கட்டிலிருந்து ஒரு மரத்தொட்டி எடுத்தாள். உயரம் குறைவு. அகலமோ, சிலந்தி காலை நீட்டி நாலு எட்டு நடக்கிற அளவுக்கு. தோட்டத்து மண்ணை அள்ளி, கட்டி உடைத்து, லேசாக ஈரம் தெளித்து, கொஞ்சம் மட்டுமே இடம் விட்டுத் தொட்டியை நிரப்பினாள். இனி ஏறி விழுந்தாலும் மண்மேல்தான் விழும். ஒரு மூலையில் உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்தாள். கூர்விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கினாள். ஒரு அகலில் தண்ணீர் வைத்தாள். தம்பியை மெல்ல உள்ளே விட்டாள். காற்று போகப் பொடிப்பொடியாய்த் துளையிட்ட பலகையால் மூடி, தொட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ராஜா பார்த்துவிட்டுக் குதித்தார். “என் மகனுக்கு மண்ணா? உடைஞ்ச பானையா? அதுவும் கட்டிலுக்கு அடியிலா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

“அப்பா, இந்த வீட்டில் இருக்கப்போவது நாலு பேரா, நந்தனா?”

அதே நேரம் பலகைக்கு அடியில் சரசரவென்று சத்தம். சிலந்தி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது! பானைக்குக் கீழே வளை தோண்டி, வாசலில் பட்டுப்போல நூல் இழைத்தது. மறுநாள் ஒரு வெட்டுக்கிளி தின்றது. அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. பிறகு சாப்பாட்டையே தொடவில்லை.

ஒரு மத்தியான நேரம். மகனைப் பார்க்க வந்த ராஜா பலகையைத் தூக்கினார். சிலந்தி பானையின் வாசலில் மல்லாந்து கிடந்தது. ஏழு காலும் அசையவில்லை.

“ஐயோ, போயிட்டானே! என் செல்லம் மண்ணுக்குள்ளேயே போயிட்டானே!” ராஜா வாய்விட்டு அழுதார். அந்த நாட்டில் ராஜ குடும்பத்தில் யார் செத்தாலும் உடனே ஏழாம் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். ராஜா தூக்கக் குனிந்தார்.

மாதங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிலந்தியின் முதுகுக்குக் கீழே என்னவோ வெள்ளையாகத் தெரிந்தது. புதிதாக நெய்த மெத்தை!

“அப்பா, பாருங்க. சாகப்போகிறவன் பாய் விரிச்சா படுப்பான்? தொடாதீங்க. எனக்காக ஒருதரம் சும்மா இருங்க.”

ராஜா சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இருந்தார். பிறந்ததிலிருந்து தரையில் உட்காராத மனிதர், மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் சிலந்தியின் முதுகில் ஒரு கோடு விழுந்தது. கோடு விரிந்தது. பழைய தோலுக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது, அப்புறம் கால்கள் எல்லாம் கைகளாகி, கைகள் எல்லாம் ஒரு குழந்தையாகி, தலை முட்டிக் கட்டிலையே தூக்க, நந்தன் எழுந்து உட்கார்ந்தான்! தலையெல்லாம் மண். அறுந்துபோன காலுக்குப் பதிலாக முளைத்ததோ என்னவோ, இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது.

மாதங்கி அவனை அள்ளி அணைத்துக்கொண்டாள். அக்காவின் தோளில் சாய்ந்தபடி நந்தன் கேட்டான்: “அப்பா, நீங்க ஏன் தரையில் உட்கார்ந்திருக்கீங்க?”

“உன் பக்கத்தில் இருக்கத்தான்டா கண்ணா” என்றார் ராஜா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் ஆயுளில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்: “நீ எங்கே படுத்துக்கிறே, சொல்லு?”

நந்தன் கட்டிலுக்கு அடியைக் காட்டினான். அன்றைக்கு அப்பாவும் பிள்ளையும் அங்கேதான் படுத்தார்கள். ராஜாவின் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் ராஜா மலையடிவாரம் வரை நடந்தே போய், மாயியின் வளை வாசலில் குனிந்து, “அம்மா, மறுபடியும் விருந்துக்கு வரணும். எந்த இடம் வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். மாயி சிரித்துவிட்டாள். படிக்கட்டுக்குக் கீழே அவளுக்கு ஒரு மூலை தயாரானது. அவள் அங்கே நிம்மதியாகக் குறட்டை விட்டாள், நந்தன் கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டான், கதை கேட்ட நீங்களும் உங்களுக்குப் பிடித்த மூலையில் போய்ப் படுங்கள்!