ஓட்டை இல்லாத தங்கத் துப்பாக்கி

ஒரு ஊர்ல ஒரு ஜமீன்தார். ஆள் பாதி, மீசை பாதி. அவரு வீட்டுச் சுவத்துல ஒரு பழைய துப்பாக்கி, பக்கத்துலயே ஒரு புலித்தலை. "எங்க பாட்டன் டுமீல்னு ஒரே வெடி, புலி தொப்புனு விழுந்துச்சு!" இதைச் சொல்லாம அவரு தண்ணி கூடக் குடிக்க மாட்டாரு. ம் கொட்டுறியா? கொட்டு.

அப்போ அவரு மகனுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பரிசத் தட்டுல வைக்க, அதே துப்பாக்கியை விரல் நீளத்துல தங்கத்துல பண்ணச் சொல்லி, நகை செய்யற தாண்டவப் பத்தரைக் கூப்பிட்டாரு. கொசுவுக்கே கொலுசு போடற கை அவருக்கு!

பத்தர் ஒரு பார்வை பாத்துட்டுப் போயி, டொக்கு டொக்குனு தட்டி, சர்ரு சர்ருனு அரம் போட்டு, பண்ணிட்டாரு. வெடிமருந்துக்குத் தீ வைக்கிற ஓட்டை, அது இல்லாட்டி துப்பாக்கி வெடிக்காது, அதைக் கூட ஊசியால போட்டாச்சு. "பிடிக்கட்டையில இருக்கற கீறல் எங்கே? உருக்கிட்டு மறுபடி பண்ணு!"ன்னாரு ஜமீன்தார். அப்புறம் ரெண்டாவது பண்ணினாரு. "குழல்ல இருக்கற நெளிசல் எங்கே? உருக்கு! மூணாவதுல மயிரிழை மாறுச்சோ, உன் கட்டைவிரல் இருக்காது!"

கட்டைவிரல் போனா அப்புறம் என்ன பத்தர்? பெரிய துப்பாக்கியை இறக்கச் சொல்லி, நூல் பிடிச்சு அளந்து, தடவித் தடவிப் பாத்தாரு. அட, தீ வைக்கிற ஓட்டையே இல்ல! யாரும் போடவே இல்ல. சுவத்துல மாட்டறதுக்குனே பண்ணின துப்பாக்கி அது.

வீட்டுக்கு ஓடி, பொண்டாட்டி பிச்சம்மாகிட்ட சொன்னாரு. "ஓட்டை போட்டா என் விரல் போகும். போடலைன்னா அவரு மானம் போகும்."

"விரல் நம்மளது. மானம் அவரோடது. இருக்கறபடியே பண்ணுங்க"ன்னா அவ.

பத்தரும் ஓட்டை போடாமலே மூணாவதைப் பண்ணிக் குடுத்தாரு, ஜமீன்தாரும் கீறலையும் நெளிசலையும் மட்டும் பாத்துட்டு வாங்கி வெச்சுக்கிட்டாரு. அப்புறம் பரிசம் போடற நாள். பொண்ணோட அம்மா, அதான் சம்பந்தியம்மா, குட்டித் துப்பாக்கியை எடுத்து, "இது வெடிக்குமா?"ன்னாங்க.

"வெடிக்காம? புலியைச் சுட்டதோட அச்சு அசல்!"ன்னாரு ஜமீன்தார்.

கடுகளவு வெடிமருந்து போட்டாங்க. ஊதுபத்தி வந்துச்சு. அந்தம்மா திருப்பித் திருப்பிப் பாத்து, "தீயை எங்கே வைக்கறது?"ன்னாங்க.

ஜமீன்தாரும் பாத்தாரு. "யோவ் பத்தரே! ஓட்டை எங்கே? நீட்டு விரலை!"

பத்தர் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டாரு. "எஜமான், பெரிசைக் கொண்டாரச் சொல்லுங்க. அதுல ஓட்டை இருந்தா வெட்டிக்கோங்க."

"கொண்டாங்க, பாப்போம்"ன்னாங்க சம்பந்தியம்மா. வந்துச்சு. பந்தல்ல இருந்த அத்தனை பேரும் தடவிப் பாத்தாங்க. வழவழனு இருந்துச்சு.

ஜமீன்தார் மீசை ரெண்டும் தொங்கிடுச்சு. பத்தர் தன் கட்டைவிரலுக்கு ஒரு முத்தம் குடுத்தாரு. பாவம், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

"அப்போ புலி எப்படித்தான் செத்துச்சு?"ன்னு யாரோ கேட்டாங்க.

சம்பந்தியம்மா சொன்னாங்க: "இந்தத் துப்பாக்கியைப் பாத்துச் சிரிச்சே செத்திருக்கும்!"

என்னடா, ம் சத்தத்தையே காணோம்? சரி. புலியும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்கு.