நாலு மணி நேர வழி

விமான நிலையத்தை ஒட்டி ஓர் ஏரி இருந்தது. குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்திருந்த வரித்தலை வாத்துகள், மாசி பிறந்ததும் வடக்கே பனிமலை ஏரிக்குத் திரும்பின. நீலி என்ற வாத்து மட்டும் போகவில்லை. அவள் கணவன் சடையனின் சிறகை நாய் கடித்திருந்தது.

கூட்டத்தின் தலைவி போகும்போது படித்துப் படித்துச் சொன்னாள். "சிறகு ஆறட்டும். அப்புறம் இருபது நாள் நல்லா மேஞ்சு உடம்புல கொழுப்பு ஏத்துங்க. கிழக்கே வளைஞ்சு, ஏரிக்கு ஏரி இறங்கி வாங்க. பன்னிரண்டு நாள் ஆகும்."

சிறகு ஒருவழியாக ஆறியது. சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எல்லாரும் போயிட்டாங்க, நாம மட்டும் அநாதையா கிடக்கிறோம்" என்று இரை எடுக்காமல் புலம்பினான். ஏரியும் வற்றிக்கொண்டே வந்தது.

விமான நிலையக் கூரையில் ஒரு காக்கை குடியிருந்தது. ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டு, உலகமே தனக்கு அத்துப்படி என்று அதற்கு நினைப்பு. பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்கரையைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

"பன்னிரண்டு நாளா? யாரும்மா சொன்னது?" என்று நீலி சொன்ன கணக்கைக் கேட்டுச் சிரித்தது காக்கை. "ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நேரே போனா நாலு மணி நேரம். காலையில கிளம்பினா உச்சிப்பொழுதுக்கு அங்க இருக்கலாம். தினமும் காதால கேக்கறேன்."

"நிஜமாவா அண்ணே? இவரு சரியா மேயக்கூட இல்லையே."

"நாலு மணி நேரத்துக்கு எதுக்கும்மா வயிறு முட்டத் தின்னணும்?"

நீலிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சடையன் முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத களை வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் விமானம் போகும் திசையிலேயே நேராகப் பறந்தார்கள். கீழே ஓர் ஏரியும் இல்லை, வெடித்துக் கிடந்த பொட்டல்தான். உச்சிப்பொழுது வந்தது. பனிமலை மட்டும் வரவில்லை.

"வந்துட்டோமா நீலி?"

"இன்னும் கொஞ்சம்தாங்க."

அந்தக் கொஞ்சத்துக்கு முடிவே இல்லை. சடையனின் சிறகு தொய்ந்தது. கீழே வெயிலில் ஏதோ பளபளத்தது. "அதோ, நம்ம ஏரி" என்று ஆசையோடு இறங்கினான். அது வெறும் கானல். கொதிக்கும் மண்ணில் சுருண்டு விழுந்தான்.

"தண்ணி எங்க நீலி?"

"பக்கத்துலதாங்க இருக்கு. கொஞ்சம் கண்ணை மூடுங்க, கொண்டுவரேன்."

கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சொட்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாலு மணி நேரம் என்றதும் நம்பினோமே, யாருக்கு நாலு மணி நேரம், விமானத்துக்கா நமக்கா என்று கேட்காமல் போனோமே என்று அவள் நெஞ்சு வெடித்தது. சடையன் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. போய்ச் சேரத் தெம்பில்லை, திரும்பவும் மனமில்லை. செத்த கணவனுக்குத் தன் சிறகால் நிழல் பிடித்தபடி நீலி அந்தப் பொட்டலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தூரம் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தாலும் அதைக் கடக்கும் நேரம் அவரவர் பலத்தைப் பொறுத்தது என்பதால், அடுத்தவர் வேகத்தை நம்பித் தன் பயணத்தைத் தொடங்கக் கூடாது.